கழுத்து வலியும் கூண்டு வாசமும்

நாய்க்குக் கழுத்து வலி வரும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறவர்களே அதிகம். வயிற்று வலி வரும், காது சீழ் பிடிக்கும், காலில் முள் தைக்கும், ஜுரம் காணும் என்பதையெல்லாம் ஒப்புக்கொள்ளுகிற கிருகஸ்தர்கூட, கழுத்தெலும்பில் ஜவ்வு விலகி நரம்பை நெருக்குகிற வியாதி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மனிதர்களுக்கே உரியது என்றும், நாலு காலில் ஓடித் திரிகிற பிராணிக்கு அது எவ்வாறு வரக்கூடும் என்றும் என்னிடம் தர்க்கம் செய்ததுண்டு. சென்னையில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்த்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட நான், அந்தத் தர்க்கத்துக்கு வாயால் பதில் சொல்வதை நாளடைவில் நிறுத்திவிட்டேன். ஒரு துண்டு பிஸ்கோத்தை எடுத்து நாயின் மூக்குக்கு நேரே காட்டி, மெல்ல இடப்புறமாகவும் பிறகு வலப்புறமாகவும் நகர்த்துவேன். கழுத்து சௌக்கியமாக இருக்கிற நாய் தலையைத் திருப்பி அதைத் தொடரும். இந்த வியாதி கண்ட நாயோ தலையை அசைக்காமல் கண்களை மட்டும் உருட்டும். பிஸ்கோத்து கடைக்கண்ணையும் தாண்டிப் போய்விட்டதும், ஒன்று ஆசையை அடக்கிக்கொண்டு நேரே பார்க்கத் தொடங்கிவிடும், அல்லது நின்ற இடத்திலேயே உடம்பு முழுவதையும் திருப்பும். யஜமானர் அதைக் கண்ணால் கண்டபிறகு விவாதம் தொடர்வதில்லை.

கழுத்தைக் கையால் பிடித்து வளைத்துப் பார்த்தால் இன்னும் விரைவில் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். தெரிந்துவிடும்தான், ஆனால் பிதுங்கிய ஜவ்வு தண்டுவடத்தை ஒட்டி நிற்கிற சமயத்தில் அவ்வாறு வளைப்பது நோயைக் கண்டுபிடிக்கிற காரியமாக இல்லாமல் நோயை வளர்க்கிற காரியமாக முடியக்கூடும். ஆகையால் உள்ளங்கைகளை மட்டுமே நான் நம்புவேன். காதுகளுக்குப் பின்னாலிருந்து தொடங்கிக் கழுத்தின் இருபுறமும் கைகளைப் படியவைத்துத் தோள் வரையில் மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தால், வழக்கமாக இளகி அசைகிற தசைகள் விறைத்து இறுகியிருப்பது தெரியும். நோவுள்ள இடத்தை நெருங்கும்போது தோலுக்கு அடியில் தசை நார்கள் விட்டுவிட்டுத் துடிப்பது விரல் நுனியில் தட்டுப்படும். அதே க்ஷணத்தில் நாய் மூச்சை அடக்கிக்கொண்டு காதுகளைப் பின்னுக்கு மடிக்கும். பிறகு ஒவ்வொரு பாதமாக எடுத்து, அதன் மேற்புறம் மேஜையில் படும்படி மடக்கி வைத்துப் பார்க்கவேண்டும். தண்டுவடத்துக்குச் சேதமில்லாத நாய் உடனே பாதத்தை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும்; மடங்கிய பாதத்தின்மேல் அப்படியே நிற்கிற நாயின் விஷயம் வேறு; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டார் இந்நோயின் ஆரம்ப லட்சணங்களைக் கவனிக்காமல் இருப்பதில்லை. கவனித்ததற்கு வேறு அர்த்தம் செய்துகொண்டுவிடுகிறார்கள். நாய் சோற்றுத் தட்டை நோக்கி ஆவலோடு வருகிறது, முகர்கிறது, குனிய எத்தனிக்கிறது, குனியாமலே பின்வாங்கிவிடுகிறது. பசியில்லை, வயிற்றில் கோளாறு என்று தீர்மானித்து ஓமத் தண்ணீர் புகட்டி இரண்டு நாள் பார்க்கிறார்கள். அதே சோற்றை ஒரு முக்காலியின்மேல் வைத்தால் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிடும் என்று சோதித்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. படுத்திருந்த நாய் எழுந்திருக்கும்போது ஒருவரும் தொடாமலே வீல் என்று கத்துகிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது. கழுத்திலிருந்து அந்தக் காலுக்கு இறங்குகிற நரம்பின் வேர் நெருக்குண்டு காலில் வலி பாய்கிறது என்பதை அறியாமல், பாதத்தை விரித்து விரித்து முள் தேடுகிறார்கள். குழந்தைகளோடு பழகிய சாதுவான பிராணி, தூக்கப் போன கையைக் கவ்விவிட்டதென்று வெறிநோயைப் பற்றிய பீதியோடு ஓடிவந்தவர்களும் உண்டு.

இவர்களைக் காட்டிலும் எனக்கு அதிகக் கலக்கத்தை உண்டாக்குகிறவர்கள், சுளுக்கு என்று நிச்சயித்துக்கொண்டு, மனிதர்களுக்குச் சுளுக்கு எடுக்கிறவரிடமே நாயைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறவர்கள். நல்லெண்ணெய் தடவி நீவுவதோடு அவர் நிறுத்திக்கொண்டால் பாதகமில்லை. கழுத்தை இருகையாலும் ஏந்தி ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டால், வலியோடு நடந்து போன நாய் நடக்கமாட்டாமல் திரும்புவதற்கு இடமுண்டு. வலி தைலங்களும் அப்படித்தான். நாய் தானாகவோ, கூட வளர்கிற இன்னொரு நாயோ அதை நக்கித் தின்னும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஜவ்வு என்று நாம் சொல்கிற இந்தத் தட்டுக்களின் அமைப்பைப் புரிந்துகொள்வதற்கு எனக்குத் தெரிந்த வழி நுங்கைப் பார்ப்பதுதான். ஓர் எலும்புக் கண்டத்துக்கும் அடுத்த கண்டத்துக்கும் நடுவே, அதிர்ச்சி தாங்குவதற்காக, சுற்றிலும் நார் அடுக்குகளும் மையத்தில் வழுவழுப்பான கூழ்ப்பொருளும் கொண்ட தட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. இளம் நுங்கைப் போல் நீர்ச்சத்தோடு இருக்கிற வரையில் அந்த மையப்பொருள் அழுத்தத்தை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பகிர்ந்துகொடுத்துவிடும். முற்றிப்போன நுங்காகக் கெட்டிப்பட்டு, சில வேளைகளில் சுண்ணாம்பும் படிந்துவிட்டால், அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்து நார்ச்சுவர் கிழிகிறது. நாயின் தட்டில் மையப்பொருள் சரிநடுவில் இல்லாமல் சற்றே மேல்புறமாக அமைந்திருப்பதாலும், கீழ்ப்புறச் சுவரைவிட மேற்புறச் சுவர் மெல்லியதாக இருப்பதாலும், கிழிசல் பெரும்பாலும் மேல்நோக்கியே உண்டாகிறது. மேலேதான் தண்டுவடம் ஓடுகிறது. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே தட்டு கிடையாது. சிறு ஜாதி நாய்களில் இரண்டாவது எலும்புக்கும் மூன்றாவதற்கும் நடுவேயுள்ள முதல் தட்டே அடிக்கடி கெட்டுப்போகிறது. டாபர்மேன் போன்ற பெரிய நாய்களிலோ கழுத்தின் அடிப்பாகத்துத் தட்டுக்கள் கெடுகின்றன, அந்த நோயின் போக்கும் வேறு.

இந்த வியாதியைத் தரம் பிரித்துக் காட்டியவர் ஸ்வீடன் தேசத்துக் கால்நடை நோய்க்குறியியலாளர் ஹான்ஸென். 1950-களின் தொடக்கத்தில் வெளியான அவருடைய ஆராய்ச்சியிலிருந்துதான், மையப்பொருள் சுவரைக் கிழித்துத் திடீரென்று வெளிப்படுகிற முதல் வகை என்றும், சுவர் கிழியாமல் மெல்ல மெல்லப் புடைத்து வருகிற இரண்டாம் வகை என்றும் நாங்கள் இன்றைக்கும் பேசி வருகிறோம். டாக்ஸண்ட், பெக்கினீஸ் முதலிய குட்டைக்கால் ஜாதிகளில் ஒரு வயது நிரம்புவதற்குள்ளாகவே மையப்பொருள் கெட்டிப்படத் தொடங்கிவிடுகிறது என்பதை அவர் காட்டினார். எதனால் அப்படி என்ற கேள்விக்கு வெகுகாலம் கழித்து, 2017-இல் விடை கிடைத்தது: எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் மிகைப் பிரதி ஒன்று நாயின் 12-ஆவது குரோமோசோமில் வந்து ஒட்டிக்கொண்டிருப்பதே மூலகாரணம். கால் குட்டையாக இருப்பதை அழகென்று கருதி மனிதன் பொறுக்கியெடுத்து வளர்த்ததன் பயனை நாய் கழுத்தில் சுமக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் நெடுங்கால் ஜாதிகள். இந்த முதல் வகை நோயை அவற்றிடம் காண்பது அபூர்வம். அவற்றை அலட்சியப்படுத்திவிட்டுக் கடல் கடந்து வந்த குட்டிகளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறோம்.

முதுகில் தட்டு விலகிய நாய் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தவர்கள், கழுத்தில் விலகினால் நாலு காலும் போய்விடும் என்று அஞ்சுவது சகஜம். உண்மை அவ்வளவு பயங்கரமானதன்று. கழுத்தில் தண்டுவடம் ஓடுகிற எலும்புக் குழாய், தண்டுவடத்தின் பருமனோடு ஒப்பிடும்போது முதுகிலிருப்பதைக் காட்டிலும் விசாலமானது. பிதுங்கிய பொருள் தண்டுவடத்தை நசுக்காமல் ஒதுங்கி நிற்பதற்கு ஓரளவு இடம் இருக்கிறது. அதனால் கழுத்து நோயில் பக்கவாதத்தைக் காட்டிலும் வேதனையே பிரதானம். அந்த வேதனையோ மிகக் கடுமையானது. சஸ்திர சிகிச்சையில்லாமல் குணப்படுத்துகிற முயற்சிக்கு இந்நோயில் நியாயம் இருப்பதும் இந்த அமைப்பினால்தான். வெளியே வந்துவிட்ட பொருளை எந்த மாத்திரையும் உள்ளே தள்ளிவிடாது. ஆனால் அதைச் சுற்றி உண்டான அழற்சி தணியும், உடம்பின் அணுக்கள் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அகற்றும், கிழிந்த நார்ச்சுவர் தழும்பு கட்டும். தட்டுக்கு ரத்த ஓட்டம் அற்பமாகையால் அந்தத் தழும்பு கட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த வைத்தியத்தில் எல்லாம் அந்தக் கால அளவைப் பொறுத்ததே.

சிகிச்சையைத் தொடங்குமுன் இது தட்டு நோய்தானா என்று நிச்சயித்துக்கொள்வது அவசியம். தட்டு விலகலினால் ஜுரம் வராது. ஜுரமும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வருகிற இளம் பீகிளுக்கு மூளை உறை அழற்சி இருக்கலாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலுக்காக ரத்தத்தைப் பரீட்சிக்காமல் எந்த நாயின் வலிக்கும் பெயர் வைப்பது விவேகமன்று. உள்ளங்கையில் அடங்கும் பொம்மை ஜாதி நாய்களில் முதல் இரண்டு எலும்புகளின் பிணைப்பே தளர்ந்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எலும்பையும் சுண்ணாம்பு படிந்த தட்டையும் காட்டுமேயன்றித் தண்டுவடத்தைக் காட்டாது. அதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும், அதற்கு மயக்க மருந்து வேண்டும், செலவும் உண்டு. ஆகவே நடக்கிற நாய்க்கு, வலியைத் தவிர வேறு குறையில்லாத நாய்க்கு, பிஸ்கோத்தையும் உள்ளங்கையையும் நம்பியே நாங்கள் பெரும்பாலும் தொடங்குகிறோம்.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அழற்சியைத் தணிப்பதற்கு மெலாக்ஸிகாம் அல்லது கார்ப்ரோஃபென். மெலாக்ஸிகாம் என்றால் முதல் நாள் கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், மறுநாள் முதல் அதில் பாதி. நரம்பு வலிக்கு காபாபென்டின்; இறுகிய தசைக்கு மெத்தோகார்பமால். மனிதருக்கான திரவ மருந்துகள் சிலவற்றில் சேர்க்கிற சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு விஷமாகையால், காபாபென்டினை மாத்திரையாகவோ குளிகையாகவோதான் எழுதுவேன். ஸ்டீராய்டு போட்டால் நாய் அன்று மாலையே துள்ளி எழும். அந்த இந்திரஜாலத்துக்காகவே ஒரு காலத்தில் அது தாராளமாகப் போடப்பட்டது. வலிநிவாரணி ஏற்கெனவே உள்ளே போயிருக்கிற நாய்க்கு ஸ்டீராய்டும் சேர்ந்துவிட்டால் இரைப்பையும் குடலும் புண்ணாகி ரத்தம் கசியும். காலையில் ஓரிடத்தில் ஊசி, மாலையில் வேறோரிடத்தில் மாத்திரை என்று இரண்டு வைத்தியர்களிடம் காட்டிவிட்டு, முதலாமவர் போட்டதை இரண்டாமவரிடம் சொல்லாமல் மறைத்து, மூன்றாம் நாள் தார் போன்ற கறுப்பு மலத்தோடு என்னிடம் கொண்டுவந்த நாய்களைக் காப்பாற்றுவதற்குப் பட்ட பாடு, தட்டு நோய்க்காகப் பட்டதைவிட அதிகம். இன்னொன்று, மருந்துக்கடை. வீட்டில் தாத்தாவின் மூட்டு வலிக்கு வாங்கிவைத்த ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவற்றை நாய்க்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் குறையவில்லை. பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்ததற்குக் காரணமென்று கண்டு 2006-இல் கால்நடை உபயோகத்திலிருந்தே அரசாங்கம் விலக்கிய மருந்து டைக்ளோஃபெனாக். அது நாயின் குடலிலும் சிறுநீரகத்திலும் செய்கிற அக்கிரமத்தையும் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

இந்த வைத்தியத்தில் அபாயமான நாள் எது என்று கேட்டால், நாய் கத்திக்கொண்டு வருகிற முதல் நாளைச் சொல்லமாட்டேன். மருந்து வேலை செய்து, வலி நீங்கி, நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிற நாலாவது ஐந்தாவது நாளைத்தான் சொல்வேன். தட்டின் சுவரில் கிழிசல் அன்றைக்கும் கிழிசலாகவே இருக்கிறது. அதைக் காவல் காத்துக்கொண்டிருந்த வலி மட்டும் விலகிவிட்டது. அன்று நாற்காலிமேல் ஒரு தாவல், மாடிப்படியில் ஓர் ஓட்டம், பூனையைக் கண்டு சங்கிலியை ஒரு வெட்டு இழுப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், எஞ்சியிருக்கிற மையப்பொருளும் வெளியேறிவிடுவதற்கு. இதற்காகவே, வலிமருந்து கொடுக்காமல் விட்டால் நாய் தானாக அடங்கிக் கிடக்கும் என்று வாதிக்கிறவர்களும் எங்கள் தொழிலில் இருந்தார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் ஒருபோதும் சம்மதமானதில்லை. வாயில்லாத ஜீவனின் வேதனையைக் காவற்காரனாக நிறுத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது சோம்பேறித்தனம். காவல் நம் பொறுப்பு, அதற்குத்தான் கூண்டு.

நாலு வாரம் கூண்டு வாசம் என்று நான் சொல்லும்போது வீட்டார் முகத்தில் தெரிகிற மாறுதலை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாய் எழுந்து நிற்கவும், உடம்பைத் திருப்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கவேண்டும். நடக்கவும் தாவவும் இடம் இருக்கக்கூடாது. விலை கொடுத்து வாங்கிய இரும்புக் கூண்டுதான் வேண்டுமென்பதில்லை. பழப்பெட்டிகளைச் சேர்த்துக் கட்டியும், கட்டிலைச் சுவரோடு சாய்த்து மறைத்தும் ஒப்பேற்றிய குடும்பங்கள் உண்டு. மொசைக் தரையில் கால் வழுக்குமாகையால் கோணி விரித்து அதன்மேல் ஜமக்காளம் போடவேண்டும். தண்ணீரும் சோறும் நாயின் மார்பு உயரத்துக்கு உயர்த்தி வைக்கப்படவேண்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போட்டு, இயற்கை உபாதைக்கு மட்டும் வெளியே கொண்டுபோய் அந்தக் காரியம் முடிந்ததும் திரும்பிவிடவேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பிட்டத்துக்கு அடியிலுமாக, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்கவேண்டும். அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கினால் எல்லாம் வீண். மொட்டைமாடியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் அண்ணாந்து பார்க்கும்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் ஜிம்மி என்ற டாக்ஸண்ட் இருந்தான். அந்த வீட்டில் மகனும் மருமகளும் உத்தியோகத்துக்குப் போய்விடுவார்கள்; பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்; பகல் முழுவதும் ஜிம்மிக்குத் துணை, எழுபதைத் தாண்டிய பாட்டியம்மாள்தான். கூண்டைப் பற்றி நான் சொன்னவுடனே அந்த அம்மாள், "பாவம், என்ன தப்புப் பண்ணித்துன்னு இதை ஜெயில்ல போடறேள்?" என்று என்னைக் கேட்டார். நான் கிழிசலையும் தழும்பையும் பற்றி விளக்கினேன். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "பிரசவம் ஆன பொண்ணை நாற்பது நாள் எழுந்து வேலை செய்ய விடுவேளா அம்மா?" என்று கேட்டதும், சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படிச் சொல்லுங்கோ" என்றார்.

ஐந்தாம் நாள் எதிர்பார்த்தபடியே தொலைபேசி வந்தது. "டாக்டர், இவன் காக்காயைப் பார்த்துக் குலைக்கிறான், சாதத்தை ஒரு வாயிலே முடிச்சுட்டான், நன்னா ஆயிடுத்து. திறந்து விட்டுடட்டுமா?" வேண்டாம் என்று சொன்னதோடு நில்லாமல் அன்று மாலையே அந்தப் பக்கமாகப் போனேன். கூண்டு வாசல் கூடத்தில் இல்லை. நான்தான் காற்றோட்டமாக இருக்கட்டுமென்று அங்கே வைக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் பால்காரர், தபால்காரர், காய்காரம்மாள் என்று யார் மணியடித்தாலும் ஜிம்மி துள்ளி எழுந்து கம்பியில் மோதுவதைக் கவனித்த பாட்டியம்மாள், அதை உள்ளே சமையலறைக்கும் பூஜையறைக்கும் நடுவேயுள்ள ரேழிக்கு மாற்றிவிட்டிருந்தார். அங்கே தரையில் மணை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் முகம் நாயின் முகத்துக்கு நேரே, ஒரே மட்டத்தில் இருந்தது. தலையை உயர்த்தாமலே அவரைப் பார்த்துக்கொண்டு, முகவாயைக் கோணியின்மேல் கிடத்தி ஜிம்மி படுத்திருந்தான். வாசல் மணியின் நாக்கில் ஒரு பழந்துணி சுற்றப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அதற்குப் பிறகு கூண்டு வைக்கச் சொல்கிற எல்லா வீடுகளிலும், பகலில் யார் தரையில் உட்காருவார்கள், எங்கே உட்காருவார்கள் என்று விசாரித்துவிட்டே இடம் குறித்துக் கொடுக்கிறேன்.

கூண்டு வாசத்தின் பயனைப் பற்றி ஆட்சேபம் இல்லாமலில்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சஸ்திர சிகிச்சையின்றிக் கழுத்துத் தட்டு நோய்க்கு வைத்தியம் பெற்ற 88 நாய்களின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதி நாய்கள் குணமடைந்தன, மூன்றில் ஒரு பங்குக்கு நோய் திரும்பி வந்தது, மற்றவற்றுக்குப் பலனில்லை. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்துகள் பெற்ற நாய்கள் மேலாக இருந்தன என்றும், எத்தனை நாள் கூண்டில் இருந்தது என்பதற்கும் குணத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. இதைப் படித்துவிட்டுக் கூண்டு வெறும் சம்பிரதாயம்தானே என்று என்னிடம் கேட்ட இளம் வைத்தியர்களுக்கு நான் சொல்வது இது: நாலு வாரம் அடைத்து வைத்தோம் என்று யஜமானர் சொல்வதை அப்படியே ஏட்டில் எழுதிக்கொள்கிற ஆய்வுக்கும், வீட்டில் நடப்பதற்கும் உள்ள தூரம் வெகு தூரம். பகலெல்லாம் கூண்டு, ராத்திரி எஜமானியம்மாளின் கட்டில் என்பதும் கூண்டு வாசமாகவே கணக்கில் ஏறும். அந்த ஆய்வு மெய்யாகச் சொல்வது பாதிக்குப் பாதி என்ற விகிதத்தை. அதை நான் எந்த வீட்டாரிடமும் மறைப்பதில்லை. பூரண குணம் என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்தபோது விழிப்பதைக் காட்டிலும், முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் சௌகரியம்.

எப்போது இந்த முயற்சியை விடவேண்டும் என்பது எப்போது தொடங்கவேண்டும் என்பதைக் காட்டிலும் கஷ்டமான கேள்வி. மடக்கிய பாதத்தின்மேல் அப்படியே நிற்கிற நாயையும், நாலு காலும் தள்ளாடுகிற நாயையும், எழுந்திருக்கவே மாட்டாத நாயையும் கூண்டில் போட்டுக் காத்திருப்பது பொறுமையாகாது. மருந்தும் ஓய்வும் ஒழுங்காக நடந்தும் இரண்டு மூன்று வாரத்தில் வலி தணியவில்லையென்றாலும், தணிந்து தணிந்து திரும்புகிறதென்றாலும் அதே தீர்மானம்தான். கழுத்தின் அடிப்புறமாகத் திறந்து, மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒருபுறம் ஒதுக்கி, எலும்பில் கீழிருந்து துவாரமிட்டுப் பிதுங்கிய பொருளை எடுத்துவிடுகிற சஸ்திர சிகிச்சை தேர்ந்த கைகளில் நல்ல பலன் தருவது. வலியைப் பொறுத்தவரை அதற்கு ஈடு கிடையாது. வேப்பேரியில் 1903 முதல் நடந்து வருகிற கால்நடைக் கல்லூரி போன்ற பெரிய இடங்களுக்கு அப்படிப்பட்ட நாய்களை அனுப்பியபோது, நான் தோற்றுவிட்டதாக எனக்குத் தோன்றியதில்லை. கத்தி வேண்டாம் என்பதை ஒரு விரதமாகக் கொண்டாடுகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை. கத்தி வேண்டியிராத நாயைக் கத்தியிலிருந்து காப்பதும், வேண்டிய நாயைத் தாமதமின்றி அதனிடம் சேர்ப்பதும் ஒரே வித்தைதான்.

அக்குபங்சரைப் பற்றியும் லேஸர் கதிரைப் பற்றியும் இப்போது பலர் விசாரிக்கிறார்கள். வலியும் தசை இறுக்கமும் தணிவதற்கு அவை துணை செய்யக்கூடும். செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்காக வாரத்துக்கு மூன்று முறை நாயை ஸ்கூட்டரின் முன்தட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு, வேகத்தடைகளின்மேல் குதித்துக் குதித்து அழைத்துப் போகிறவர்களை என்னவென்று சொல்வது!

நாலு வாரம் கழிந்ததும் கதவைத் திறந்து விட்டுவிடுவதில்லை. மார்புப் பட்டையில் பிடித்து முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து என்று இரண்டு மூன்று வாரம் சமதரையில் நடத்தவேண்டும்; படியும் சோபாவும் அதற்கப்புறம்கூட வேண்டாம். உட்கார்ந்தே தின்ற நாய் பெருத்திருக்கும். பெருத்த உடம்பைக் கழுத்தும் சேர்ந்து சுமக்கவேண்டியிருப்பதால் சோற்றில் கால் பங்கைக் குறைக்கச் சொல்வேன், குறைத்ததாக எல்லாரும் சொல்வார்கள். தீபாவளிக்கு முன்னால் கூண்டு காலம் முடிந்துவிட்ட நாயைக்கூட வெடிச்சத்தம் ஓயும்வரை உள்ளறையிலேயே வைத்திருக்கச் சொல்வது என் வழக்கம். ஒரு லக்ஷ்மி வெடிக்குத் திடுக்கிட்டு நாய் கழுத்தை வெட்டுகிற வெட்டு, ஆறு வாரத்து வேலையைக் கெடுக்கப் போதுமானது.

ஜிம்மிக்கு மூன்று வருஷம் கழித்து மறுபடி அதே இடத்தில் வலி வந்தது. அப்போதும் அதே ரேழியில் அதே கூண்டு, அப்போதும் சரியாயிற்று. "இனிமே வராதே?" என்று பாட்டியம்மாள் கேட்டார். வரலாம் அம்மா, வேறு தட்டிலும் வரலாம், வந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள், வழியில் மருந்துக்கடையில் மட்டும் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.